களிமண்ணை விற்றால் போதுமா? மணியையும் வாங்க வேண்டாமா?



நம் வட்டாரத்து ஃபேன்சி கடைகளிலும் வளையல் கடைகளிலும் ஸ்டேஷனரி கடைகளிலும் கடந்த சில வருஷங்களாக ஒரு புதுச் சரக்கு இடம் பிடித்திருக்கிறது. பாலிமர் களிமண் என்று பெயர். வாடிக்கையாளர்கள் சுருக்கமாக 'கிளே' என்று கேட்டு வாங்குகிறார்கள். வண்ணக் கட்டிகளாக வரும் இதைப் பிசைந்து, உருட்டி, ஊசியால் துளை போட்டு, சிறிய மின்சார அடுப்பில் சுட்டால் கெட்டியான மணியாகிவிடும். அந்த மணிகளைக் கோத்து மாலை, கம்மல், கைச்சங்கிலி எல்லாம் செய்கிறார்கள். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இருக்கும் பெண்கள்.

நம்மில் பலர் இதைப் பள்ளிப் பிள்ளைகளின் பொழுதுபோக்குச் சரக்கு என்று நினைத்து, கலர் பென்சில் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறோம். ஆனால் மாதம் ஒருமுறை வந்து பத்துக் கட்டி, கொக்கி, வளையம், கம்பி என்று பட்டியல் வைத்து வாங்கும் பெண்மணி பொழுதுபோக்குக்காக வாங்கவில்லை. அவர் செய்து விற்கப் பார்க்கிறார். அவரே பத்து நாள் கழித்து ஒரு டப்பாவில் மாலைகளை எடுத்துக்கொண்டு நம் கடைக்கு வந்து, 'முதலாளி, இதைக் கொஞ்சம் பாருங்க' என்கிறார். அப்போது பெரும்பாலான கடைகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: 'வச்சிட்டுப் போம்மா, வித்தா காசு.'

இந்தப் பதிலைப் பற்றித்தான் எழுத வந்தேன். கட்டியை ரொக்கத்துக்கு விற்கும் கடைக்காரர், அதே கட்டியில் செய்த மணியை, நல்ல சரக்காக இருந்தால், ரொக்கத்துக்கு வாங்க வேண்டும் என்பது என் கருத்து. இதைத் தர்மம் என்று நினைத்துச் சொல்லவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் வளையல், பாசி, ரிப்பன் மொத்த வியாபாரம் செய்தவன் என்ற முறையில் வியாபாரக் கணக்காகவே சொல்கிறேன்.

சரக்கைத் தெரிந்துகொள்வோம்

முதலில் நாம் விற்பது என்ன என்று நமக்கே தெரிய வேண்டும். பெயரில் களிமண் என்று இருந்தாலும் இதில் மண் கிடையாது. தண்ணீர்க் குழாய் செய்கிறார்களே, அந்த பி.வி.சி. வகைப் பொடியோடு, அதை மெத்தென்று வைத்திருக்கும் ஒரு திரவமும் வண்ணமும் கலந்து செய்வது. ஜெர்மனியில் பொம்மைத் தொழிலில் பெயர்பெற்ற கேத்தே குரூசே அம்மையாரின் மகள் வீட்டில் பழகிப் பார்த்த கலவையை 1964இல் ஒரு கம்பெனி வாங்கி 'ஃபிமோ' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 'ஸ்கல்பி' என்ற பெயரில் இன்னொன்று வந்தது. ஆக, இந்தச் சரக்கின் பிறப்பே ஒரு பெண்ணின் வீட்டுக் கைவேலையில்தான் இருக்கிறது.

இதோடு சேர்த்து அடுக்கி வைக்கும் மற்ற வகைகள் வேறு. காற்றில் உலரும் களிமண் ஒன்று. இரண்டு பொட்டலமாக வந்து கலந்தவுடன் இறுகும் எபாக்ஸி வகை ஒன்று. மக்காச்சோள மாவும் வெள்ளைப் பசையும் சேர்த்து வீட்டிலேயே பிசையும் வகை ஒன்று. எல்லாவற்றையும் 'கிளே' என்றே கேட்பார்கள். காற்றில் உலரும் வகையில் செய்த மணி வியர்வையும் மழையும் பட்டால் பெரும்பாலும் ஊறிப் போகும். அதைப் பாலிமர் என்று சொல்லி நாம் விற்றுவிட்டால், வாங்கியவரின் பத்து நாள் உழைப்பு ஒரு மழையில் போகும். மறுபடி நம் கடைப் படி ஏறமாட்டார்.

பாலிமர் கட்டியைச் சுடுவதற்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் அளவை உறையில் அச்சிட்டிருக்கிறது. பொதுவாக 110 டிகிரியிலிருந்து 135 டிகிரி செல்சியஸ் வரை, அரை மணி நேரம் போல. அதற்கு மேல் வெகுவாகச் சூடேறினால் கருகிப் புகை விடும். அந்தப் புகை கண்ணையும் மூச்சையும் எரிக்கும் அமிலப் புகை. சின்ன அடுப்புகளில் திருகில் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே கட்டி வாங்குகிறவருக்கு அடுப்பினுள் வைக்கும் சிறு வெப்பமானி ஒன்றையும் எடுத்துக் காட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் சுட வேண்டும், சோறு குழம்பு வைக்கும் தட்டில் சுடக்கூடாது, மைக்ரோவேவில் வைக்கவே கூடாது, குழந்தை வாயில் போட விடக்கூடாது என்ற நான்கையும் சொல்லுங்கள். மெத்தென்று வைக்கும் திரவத்தில் தாலேட் என்ற சில வகைகளை ஐரோப்பாவில் 2005லும் அமெரிக்காவில் 2008லும் குழந்தைகள் சரக்குகளுக்குக் கட்டுப்படுத்தினார்கள். பெரிய கம்பெனிகள் அதற்கேற்பக் கலவையை மாற்றிக்கொண்டன. கம்பெனிப் பெயரே இல்லாத உதிரிக் கட்டியில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது? அதை வாங்காமல் இருப்பதே நல்லது.

இன்னொன்று, நமக்கே நஷ்டம் தரக்கூடியது. இந்தக் கட்டி சூட்டில் இறுகும் சரக்கு. நம் வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரை போட்ட கிடங்கிலும், வெயில் நேராக விழும் கண்ணாடி அலமாரியிலும் சித்திரை வைகாசியில் வைத்தால் கட்டி பாதி வெந்தது போல் ஆகி, பிசையும்போது உதிரும். வாங்கினவர் நம்மைத்தான் குறை சொல்வார். சாக்லேட்டை எங்கே வைப்போமோ அங்கே வைக்க வேண்டிய சரக்கு இது.

மணி வியாபாரம் நமக்குப் புதிதல்ல

புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிப் பார்த்தபோது ரோம நாட்டு மதுச்சாடிகள் கிடைத்தன என்று எல்லோரும் படித்திருப்போம். அதே இடம் கண்ணாடி மணியும் கல்மணியும் செய்த ஊர். அங்கே செய்தது போன்ற சின்னக் கண்ணாடி மணிகள் கடல் கடந்து தென்கிழக்கு ஆசிய நாடுகள் வரை போயிருக்கின்றன. நமக்கு இன்னும் பக்கத்தில், ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் இடையில் பாப்பாநாயுடுபேட்டை என்று ஓர் ஊர். உருகிய கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டி மணியாக்கும் பழைய முறையை அங்கே குடும்பம் குடும்பமாகச் செய்துவந்ததை வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் வந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். அரிக்கமேட்டு முறைக்கு நெருங்கிய முறை அது என்பது அவர்கள் முடிவு.

நம் பஸ் ஸ்டாண்டிலும் கோவில் திருவிழாவிலும் பாசிமணி கோத்து விற்கும் நரிக்குறவர் மக்களை நாம் தினமும் பார்க்கிறோம். 2023 ஜனவரியில்தான் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். எத்தனையோ வருஷமாக நம் ஊர்க் கழுத்துகளுக்கு மணி கொடுத்தவர்கள் அவர்கள். அவர்கள் கோத்த மாலையை நம் கடை வாசலில் உட்கார்ந்து விற்றார்கள். நம் கடைக்குள் அந்தச் சரக்கு ஏறவில்லை. அதற்குப் பதில் நாம் சென்னை தேவராஜ முதலி தெருவுக்குப் போய் மூட்டை கட்டி லாரியில் போட்டுக் கொண்டுவந்தோம். செய்கிறவர் பக்கத்தில் இருக்க, சரக்கைத் தூரத்தில் தேடும் பழக்கம் நம் தொழிலில் பழையது.

பாலிமர் களிமண்ணில் ஒரு வேலைப்பாடு இருக்கிறது. வெவ்வேறு வண்ணக் கம்பிகளாக உருட்டி, பூவோ நட்சத்திரமோ வருகிற மாதிரி ஒன்றாக அடுக்கி, ஒரே உருளையாக அழுத்திவிடுவார்கள். பிறகு வாழைத்தண்டை நறுக்குவது போல நறுக்கினால், ஒவ்வொரு வில்லையிலும் அதே பூ தெரியும். இத்தாலியில் வெனிஸ் நகரத்துக் கண்ணாடிக்காரர்கள் கண்ணாடியில் செய்து பேர்பெற்ற முறை இது. கண்ணாடிக்குச் சூளை வேண்டும். இதற்கு ஒரு மேசையும் ஒரு சின்ன அடுப்பும் போதும். அதனால்தான் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

நம் ஊர்ப் பெண்களின் கை

'வீட்டுப் பெண்கள் தொடர்ந்து சரக்குத் தரமாட்டார்கள், இரண்டு மாதத்தில் விட்டுவிடுவார்கள்' என்று ஒரு பேச்சு உண்டு. குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் இருப்பவர்கள் இதைச் சொல்லலாமா? ஆயிரம் ஆயிரமாகப் பீடி சுற்றிக் கொடுக்கும் கைகள் எந்த வீட்டில் இருக்கின்றன? ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஷூவின் மேல்தோலைத் திண்ணையில் உட்கார்ந்து கையால் தைத்து, ஜதைக் கணக்கில் கூலி வாங்கும் பெண்கள் யார்? வெளிநாட்டுக் கடைகளில் விலையுயர்ந்த ஷூவாகப் போய் நிற்பது அந்தத் தையல். காட்பாடிப் பக்கம் கரிகிரி மண்பாண்டத்துக்குப் பெயர் இருக்கிறது. கைத்திறனுக்கு நம் வட்டாரத்தில் குறைவில்லை.

அந்த வேலைகளில் உள்ள குறை வேறு. கூலியை நிர்ணயிப்பவர் நடுவில் இருப்பவர். வேலை இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் கேட்க முடியாது. பீடித் தொழிலாளர்களுக்கு 1966இல் தனிச் சட்டம் வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கென்று 1996இல் ஜெனீவாவில் உலகத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை செய்தது. அகமதாபாத்தில் 1972இல் எலா பட் அம்மையார் தொடங்கிய சேவா சங்கம் அதற்காகப் பாடுபட்டது. இந்தியா அதில் கையெழுத்திட்டு ஏற்கவில்லை. ஷூ தைக்கும் அம்மாவின் நிலை பெரிதாக மாறவும் இல்லை.

தோலை நம்பிய ஊர்களின் ஏற்ற இறக்கம் நம் கல்லாவில்தான் முதலில் தெரியும். 1996 ஆகஸ்டில் வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது தெரிந்தது. 2020 ஊரடங்கில் தெரிந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்கின் மேல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை பேச்செல்லாம் அதுதான். தோல் ஆர்டர் குறைந்தால் துணிக்கடை, மளிகைக்கடை, வளையல் கடை எல்லாவற்றிலும் விற்பனை குறையும். ஆகவே தோலைச் சாராத வருமானம் ஒரு வீட்டுக்கு மாதம் இரண்டாயிரம் வந்தாலும், அது கடைசியில் நம் தெருவில்தான் செலவாகும். மணி வேலை தோல் தொழிலுக்கு ஈடாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்த அளவுக்கு இது வளராது. ஒரு தெருவில் இரண்டு வீட்டுக்கு இது கை கொடுத்தால் அதுவே போதும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கணக்கைப் புரிந்துகொள்வதற்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கம்பெனிக் கட்டி ஒன்று 57 கிராம். பத்து மில்லிமீட்டர் உருண்டை மணி ஏறக்குறைய ஒரு கிராம் பிடிக்கும். சேதாரம் போக ஒரு கட்டியில் ஐம்பது மணி என்று வைத்துக்கொள்வோம். கட்டி ரூ.200 என்றால் மணி ஒன்றுக்குக் களிமண் மட்டும் ரூ.4.

முப்பது மணி உள்ள ஒரு மாலைக்குக் களிமண் ரூ.120. கொக்கி, கம்பி, கயிறு ரூ.25. கரண்டு, உப்புத்தாள், அட்டை ரூ.15. மொத்தம் ரூ.160. பிசைவது, பூ அடுக்குவது, நறுக்குவது, துளையிடுவது, சுடுவது, தேய்த்து மினுக்குவது, கோப்பது எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் என்று கொள்வோம்.

இந்த மாலையை நாம் ரூ.190க்குக் கேட்டால் அவருக்கு மிஞ்சுவது ரூ.30, மணிக்குப் பத்து ரூபாய். ரூ.250 கொடுத்தால் மணிக்கு முப்பது ரூபாய். ரூ.340 கொடுத்தால் மணிக்கு அறுபது ரூபாய். ரூ.340க்கு வாங்கியதை நாம் ரூ.450க்கு விற்றால் நமக்கு ரூ.110 நிற்கிறது. இது மோசமான லாபம் அல்ல.

இப்போது 'விற்றால் காசு' என்ற முறையைப் பாருங்கள். அவர் பத்து மாலை வைத்துவிட்டுப் போகிறார். சரக்குச் செலவு மட்டும் ரூ.1,600. அந்தப் பணம் பல வீடுகளில் மகளிர் குழுக் கடனாகவோ வாராந்திர வசூல் கடனாகவோ இருக்கும். மூன்று மாதத்தில் நாலு மாலை விற்கிறது. நாலுக்குப் பணம் கொடுக்கிறோம். மீதி ஆறு அழுக்கேறித் திரும்புகிறது. நடுவில் அவர் நம் கடைக்கு எட்டு நடை நடந்திருப்பார். மூன்று மாதமாக அவருடைய பணத்தில் நம் அலமாரி நிரம்பியிருந்தது. அடுத்த முறை அவர் நம்மிடம் கட்டி வாங்க வருவாரா? கையில் பணம் இல்லாமல் எப்படி வருவார்? ஒரு நல்ல வாடிக்கையாளரை நாமே தீர்த்துக்கட்டுகிறோம். ரொக்கம் கொடுத்து நாலே மாலை வாங்கியிருந்தால், அவர் அந்தப் பணத்தில் பாதியைக் கட்டி வாங்க அங்கேயே, நம் கல்லாவிலேயே, திரும்பக் கொடுத்திருப்பார்.

சாதாரண உருண்டை மணியை மட்டும் செய்யச் சொல்லாதீர்கள். இறக்குமதி அக்ரிலிக் மணி கிலோக் கணக்கில் வருகிறது. அதன் விலைக்கு யாராலும் கையால் செய்ய முடியாது. வேலைப்பாடுள்ள மணி, புடவைக்குப் பொருந்தும் வண்ணம், பெண்ணின் பெயர் எழுத்து, இப்படி மூட்டையில் வராததைக் கேளுங்கள். நம் வட்டாரத்துக்கென்று இன்னொரு வசதியும் இருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நல்ல தோலின் வெட்டுத் துண்டுகள் கழிவாக விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை மெல்லிய கயிறாக அறுத்து, அதில் இந்த மணிகளைக் கோத்தால் வேறு ஊர்க்காரர்கள் சுலபமாகக் காப்பியடிக்க முடியாத சரக்காகும். வியர்வையில் சாயம் விடாத தோலாகப் பார்த்து எடுக்க வேண்டும். கயிறு 2 மில்லிமீட்டர் என்றால் மணியின் துளை அதைவிடச் சற்றுப் பெரிதாக, சுடுவதற்கு முன்பே போடப்பட வேண்டும்.

கடைக்காரர்கள் சொல்லும் காரணங்கள்

இதையெல்லாம் சொன்னால் நண்பர்கள் மூன்று காரணம் சொல்வார்கள். மூன்றிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது.

ஒன்று, சரக்கு ஒரே மாதிரி வருவதில்லை. உண்மை. ஆனால் நாம் அளவு கொடுத்திருக்கிறோமா? ஓர் அட்டையில் 8, 10, 12 மில்லிமீட்டர் மாதிரி மணிகளை ஒட்டி, துளை அளவையும் வண்ண எண்ணையும் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு குறை சொல்லலாம். வாங்கும்போது நகத்தால் அழுத்திப் பாருங்கள்; பள்ளம் விழுந்தால் சரியாக வேகவில்லை. மெல்லிய தகட்டு மணியை லேசாக வளையுங்கள். படக்கென்று ஒடிந்தால் வேக்காடு போதவில்லை. அப்படிப்பட்ட சரக்கைத் தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள். காரணத்தைச் சொல்லித் திருப்பினால் அடுத்த முறை சரியாக வரும்.

இரண்டு, ஃபேஷன் போய்விடும். இதுவும் உண்மை. காகிதச் சுருள் கம்மல் ஒரு காலம் ஓடியது. பட்டு நூல் வளையல் ஓடியது. சுடுமண் நகை ஓடியது. எல்லாவற்றுக்கும் ஏற்றமும் இறக்கமும் உண்டு. அதற்கு மருந்து, குறைவாக வாங்குவது. இருபது டஜன் கடனுக்கு வைப்பதைவிட இரண்டு டஜன் ரொக்கத்துக்கு வாங்குவது இரு பக்கமும் நல்லது. ரொக்கம் கொடுத்து வாங்கின சரக்கை நாம் தூசி தட்டி முன்னால் வைத்து விற்போம். சும்மா வந்த சரக்கு பின்னால்தான் கிடக்கும். இது மனித சுபாவம்.

மூன்று, பில் இல்லை. நாற்பது லட்சம் ரூபாய்க்குள் வருட விற்பனை உள்ளவர், மாநிலத்துக்குள் சரக்கு விற்றால், பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. பதிவில்லாதவரிடம் வாங்கினால் வரி நம் தலையில் விழும் என்ற பயம் 2017 ஜூலையில் இருந்தது. அந்த ஏற்பாடு அதே வருஷம் அக்டோபரிலேயே நிறுத்தப்பட்டது. பிற்பாடு கட்டுமானம் போன்ற சில துறைகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. ஆகவே, பெயர், ஊர், சரக்கு விவரம், தொகை எழுதி, கையெழுத்து வாங்கி வவுச்சர் போட்டுக் கணக்கில் கொண்டுவருவதில் தடையில்லை. சந்தேகம் உள்ளவர்கள் உங்கள் கணக்கரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலமும் சட்டமும் மாறிவிட்டன

நம்மை விட்டால் அந்தப் பெண்ணுக்கு வேறு வழியில்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, ஜி.எஸ்.டி. பதிவில்லாத சிறு உற்பத்தியாளரும் தன் மாநிலத்துக்குள் ஆன்லைன் விற்பனைத் தளங்கள் மூலம் சரக்கு விற்க வழி திறந்துவிட்டது. கையில் உள்ள போனில் படம் எடுத்துப் போட்டு, கூரியரில் அனுப்பும் பெண்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கட்டியும் தபாலில் வருகிறது. நாம் அவரிடம் வாங்காவிட்டால், அவர் நம்மிடம் வாங்குவதையும் சீக்கிரம் நிறுத்திவிடுவார். ஆன்லைன்காரர்களால் நம் வியாபாரம் போகிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். ஆன்லைனில் கிடைக்காதது ஒன்று நம்மிடம் இருக்கிறது. சரக்கைத் தொட்டுப் பார்த்து, அங்கேயே எண்ணிப் பணம் கொடுப்பது நம் கல்லாவில்தான் முடியும். அதையும் கொடுக்கமாட்டோம் என்றால் நம்மிடம் எதற்கு வர வேண்டும்?

பாக்கி வைப்பதைப் பற்றியும் சட்டம் இருக்கிறது. 2006ஆம் வருஷத்துச் சிறு, குறுந்தொழில் சட்டப்படி, பதிவுபெற்ற சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய சரக்குக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2020 ஜூலையிலிருந்து உத்யம் பதிவை ஆதாரை வைத்துக் கட்டணமில்லாமல் செய்துகொள்ளலாம். வீட்டில் மணி செய்யும் பெண்ணும் செய்யலாம். 2023ஆம் வருஷத்து நிதிச் சட்டத்துக்குப் பிறகு, அப்படிப் பதிவுபெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்குக் காலத்தில் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வருஷம் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. பெரிய கம்பெனிகள் நம்மிடம் சரக்கு எடுத்துப் பாக்கி வைத்தால் நாம் எவ்வளவு பேசுகிறோம்! அதே நியாயம் நமக்குக் கீழே உள்ளவருக்கும் பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில இடங்களில் 'ஒரு நாள் பயிற்சி, மாதம் இத்தனை ஆயிரம் வருமானம்' என்று போர்டு வைத்து, பயிற்சி முடிந்ததும் பெரிய தொகைக்குச் சாமான் பெட்டியைத் தலையில் கட்டுகிறார்கள். நம் சங்க உறுப்பினர் கடைகளில் அந்த போர்டு வேண்டாம். கற்றுக்கொடுப்பது நல்ல காரியம். வாங்க ஆள் இல்லாத சரக்குக்கு வருமானம் சொல்லி ஆசை காட்டுவது வியாபாரம் ஆகாது. முதலில் இரண்டு கட்டி வாங்கிப் பழகச் சொல்லுங்கள். கை வந்த பிறகு பெட்டி விற்கலாம்.

சங்கம் செய்யக்கூடியது

நம் மாநிலத்தில் 1989இல் தர்மபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. மகளிர் மேம்பாட்டு நிறுவனமும், மாவட்டத் தலைநகரங்களில் பூமாலை வளாகங்களும் அந்தச் சரக்குக்கு இடம் கொடுக்கின்றன. அரசு கண்காட்சி வருஷத்தில் சில நாள். கடை வருஷம் முழுவதும் திறந்திருக்கிறது. ஆகவே இந்தப் பொறுப்பில் நமக்கும் பங்கு உண்டு.

சங்கத்துக்குச் செலவில்லாத மூன்று காரியங்களைச் சொல்கிறேன். முதலாவது, மணி அளவு, துளை அளவு, வண்ணம் குறித்த ஒரே மாதிரி அட்டையை அச்சடித்து உறுப்பினர் கடைகளுக்குக் கொடுப்பது. ஆம்பூர்க் கடைக்குச் செய்த மணி வேலூர் லாங் பஜாரிலும் செல்லும். இரண்டாவது, சுடும் முறையும் எச்சரிக்கையும் தமிழிலும் உருதுவிலும் ஒரு துண்டுத் தாளில் போட்டு, கட்டி வாங்கும் ஒவ்வொருவருக்கும் கொடுப்பது. மூன்றாவது, வீட்டுச் சரக்கை ரொக்கத்துக்கே வாங்குவது என்று உறுப்பினர்கள் கூடித் தீர்மானம் போடுவது. கொஞ்சமாக வாங்கட்டும், பேரம் பேசி வாங்கட்டும், வாங்கினதுக்கு அன்றே பணம் கொடுக்கட்டும்.

நமக்கு ரம்ஜான், தீபாவளி, பொங்கல் மூன்றும் நல்ல சீசன். ஒரு பெண் தனியாக வீட்டில் இருந்து இரண்டு டஜன் மாலை செய்ய, வீட்டு வேலை போக, ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆடியில் கடை காலியாக இருக்கும் நாட்களில், நாம் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், மாதிரி அட்டையைக் காட்டிப் பேசி, கொஞ்சம் முன்பணம் கொடுத்து ஆர்டர் வைத்துவிட்டால், புரட்டாசி முடிவதற்குள் சரக்கு வந்துவிடும். ஐப்பசியில் வந்து கேட்டால் அவர் கையில் நேரம் இருக்காது. நாம் மறுபடி பாரிமுனைக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.